ஓர் ஏக்கர் நிலமும் நான்கு விதக் கணக்கும்

கந்தப்பளைப் பக்கம் ஓர் ஏக்கர் சரிவு நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. விதைக்கிழங்கு விற்பவர் உருளைக்கிழங்கு நடச் சொல்வார். கொழுந்து சேகரிப்பவர் தேயிலையைப் பிடுங்கிவிடாதீர்கள் என்பார். மானியத் திட்டத்தோடு வரும் உத்தியோகத்தர் பொலித்தீன் கூடாரத்தின் படத்தைக் காட்டுவார். மூவரிடமும் கணக்கு இருக்கிறது. மூன்றும் பிழையில்லாத கணக்காகவே இருக்கலாம். எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்பதில்தான் விடை மாறுகிறது.

சிறு விவசாயி நிலத்தை எப்படிப் பயன்படுத்துவார், எந்தத் தொழில்நுட்பத்தை ஏற்பார் என்பதைக் கணிக்கப் பொருளியலாளர்கள் பல மாதிரிகளைக் கையாள்கிறார்கள். விவசாயச் சங்கச் செயலாளருக்கும், கமநல சேவை நிலையத்தில் இருப்பவருக்கும், பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் எந்த மாதிரி பயன்படும் என்பதே இங்கே கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு, கெட்ட ஆண்டிலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்த நேரியல் நிரலாக்கம் (தட்டுப்பாடுகளை மீறாமல் அதிக மிச்சம் தரும் திட்டத்தைத் தேடும் கணக்கு) போதும். அதைவிட எளியது ஆபத்தானது. அதைவிடச் சிக்கலானது பெரும்பாலும் வீண் செலவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே பண்ணையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் கணக்கின் போக்கைக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. எவருடைய கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. நிலம் ஓர் ஏக்கர், அதாவது 160 பேர்ச். கையில் உள்ள முதல், அதாவது மூலதனம், 2 லட்சம் ரூபா. வேலை குவியும் மாதத்தில் குடும்பத்தால் தர முடிவது 40 ஆள்நாள் (ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்). தெரிவுகள் மூன்று. தேயிலை ஏக்கருக்கு ஆண்டில் 4.5 லட்சம் மிச்சம் தரும். 60,000 ரூபா முதல் கேட்கும். மாதம் 18 ஆள்நாள் பிடிக்கும். உருளைக்கிழங்கும் கரட்டும் மாற்றி மாற்றிப் பயிரிட்டால் மிச்சம் 12 லட்சம். ஆனால் விதைக்கிழங்கே பெரும் செலவு என்பதால் முதல் 6 லட்சம் வேண்டும். உச்ச மாதத்தில் 60 ஆள்நாள். லீக்ஸும் கோவாவும் என்றால் மிச்சம் 7 லட்சம், முதல் 1.5 லட்சம், உச்ச மாதத்தில் 40 ஆள்நாள். குடும்ப உழைப்புக்குக் கூலி போடாமல், காசாகக் கொடுத்த செலவை மட்டும் கழித்த மிச்சம் இது.

ஏக்கருக்கு எவ்வளவு மிஞ்சும்?

முதல் முறை எல்லோருக்கும் தெரிந்தது. வரவிலிருந்து செலவைக் கழி, பெரியதைத் தெரிவு செய். துண்டுப்பிரசுரங்களில் அச்சாவதும், வங்கிக் கடன் விண்ணப்பத்தோடு இணைக்கப்படுவதும் இதுதான். இதன்படி 160 பேர்ச்சிலும் உருளைக்கிழங்கு நட வேண்டும். வருமானம் 12 லட்சம்.

அதற்கு 6 லட்சம் முதல் வேண்டும். கையில் 2 லட்சம்தான் இருக்கிறது. 60 ஆள்நாள் வேண்டும், வீட்டில் 40தான். இந்த இரண்டையும் இந்தக் கணக்கு கேட்கவே கேட்காது. முதலும் ஆளும் குறைவில்லாத பெரிய பண்ணைக்கு இது ஓரளவு சரி. நமது பக்கத்தில் தட்டுப்பாடே இந்த இரண்டில்தான். ஒரு பயிரை இன்னொன்றோடு ஒப்பிட இது உதவும். பண்ணையைத் திட்டமிட உதவாது.

எது இறுக்குகிறது?

நேரியல் நிரலாக்கத்தைக் கையாளும் வழியை ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் அமெரிக்க விமானப்படைக்காக உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே வேளாண் பொருளியலாளர்கள் அதைப் பண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். எக்செல்லில் உள்ள சோல்வர் என்ற கருவி போதும். ஒவ்வொரு பயிருக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு தட்டுப்பாட்டுக்கும் ஒரு வரி. நிலம், முதல், உழைப்பு மூன்றையும் மீறாமல் மிச்சத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று அது தேடும்.

நமது பண்ணைக்கு அது தரும் விடை: தேயிலை ஏறத்தாழ 20 பேர்ச், உருளைக்கிழங்கு 22 பேர்ச், லீக்ஸும் கோவாவும் 118 பேர்ச். மொத்த மிச்சம் 7.37 லட்சம். மூன்று பயிரும் கலந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். வெலிமடையிலோ ராகலையிலோ சரிவுகளைப் பார்த்தால் இப்படித்தான் துண்டு துண்டாக இருக்கும். இதை 'பழைய பழக்கம்' என்றும் 'வணிக மனப்பான்மை இல்லாமை' என்றும் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று தட்டுப்பாடுகளும் ஒரே நேரத்தில் இறுக்கும்போது கலப்புப் பயிர்தான் கணக்குப்படி சரியான விடை. குறை சொல்பவர்கள் ஒருமுறை சோல்வரை ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் இந்த மாதிரியின் மதிப்பு பயிர்த் திட்டத்தைவிட அது பக்கத்தில் எழுதித் தரும் நிழல் விலைகளில் இருக்கிறது. ஒரு தட்டுப்பாட்டை ஓர் அலகு தளர்த்தினால் வருமானம் எவ்வளவு கூடும் என்பதே நிழல் விலை. இங்கே ஒரு பேர்ச் கூடுதல் நிலத்தின் நிழல் விலை ஆண்டுக்குச் சுமார் 1,600 ரூபா. கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபா முதலுக்கும் 74 சதம். உச்ச மாதத்தில் கூடுதலாகக் கிடைக்கும் ஓர் ஆள்நாளுக்கு 8,300 ரூபாவுக்கு மேல்!

இந்த மூன்று எண்களும் ஊரில் நாம் பார்க்கும் பலவற்றுக்கு விளக்கம் சொல்கின்றன. மாதம் நான்கு வீத வட்டிக்கு ஐந்து மாதம் கடன் வாங்கினால் ரூபாவுக்கு 20 சதம் போகும். நிழல் விலையோ 74 சதம். ஆகவே வட்டிக்காரரிடம் போகும் விவசாயியைக் கணக்குத் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. கூலி 2,000 ரூபா கொடுத்தாலும், அந்தக் காசின் நிழல் விலையையும் சேர்த்தால் ஏறத்தாழ 3,500 ரூபாதான் ஆகிறது, கிடைப்பது 8,300. அதனால்தான் கிழங்கு தோண்டும் வாரத்தில் தோட்டத்து லயங்களிலிருந்து ஆள் பிடிக்க அவ்வளவு போட்டி.

தொழில்நுட்பத் தெரிவையும் இதே எண்களை வைத்துத் தீர்மானிக்கலாம். இந்தப் பண்ணையில் மிகவும் இறுக்குவது உச்ச மாத உழைப்பு. அந்த மாதத்தின் வேலையைக் குறைக்கும் கருவி எதுவோ அதற்கே முதலிடம். விளைச்சலைக் கூட்டினாலும் அதே மாதத்தில் இன்னும் பத்து ஆள்நாள் கேட்கும் புதிய இரகம் பின்னால் போய்விடும். இருசக்கர உழவு இயந்திரம் நல்ல தீர்வுபோலத் தோன்றும். ஆனால் செங்குத்தான சரிவில் அது ஏறாது, மண்வெட்டிதான் கதி. தூவல் நீர்ப்பாசனம் வரண்ட மாதங்களில் நீர் ஊற்றும் வேலையைக் குறைக்கும். அந்த மாதம் உச்ச மாதமாக இல்லாவிட்டால் மாதிரி அதற்குப் பெரிய மதிப்புத் தராது. தேயிலையில் கையால் பறிப்பதற்குப் பதில் கத்தரியால் கொழுந்து எடுப்பதையும் இன்னொரு நிரலாகச் சேர்க்கலாம்: ஆள்நாள் குறையும், கொழுந்தின் தரத்துக்குத் தொழிற்சாலை தரும் விலையும் குறையக்கூடும்.

பொலித்தீன் கூடாரம் வேறு ரகம். அரைக் கூடாரம் கட்ட முடியாது. கட்டு அல்லது விடு. ஆகவே முழு எண் வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துப் பார்த்தால், 2 லட்சம் முதலோடு நிற்கும் குடும்பத்துக்கு, கூடாரத்துக்குள் விளையும் குடைமிளகாய் என்ன விலை போனாலும் மாதிரி கூடாரத்தைத் தெரிவு செய்யத் தயங்கும். கட்டும் செலவுக்கு மானியம் வருகிறது, சரி. முதல் போகத்தின் நாற்று, கரைசல் பசளை, கிழிந்த பொலித்தீனை மாற்றும் காசு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மானியம் வருவதில்லை. மலைச்சரிவுகளில் எலும்புக்கூடாக நிற்கும் கூடாரங்களை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

கெட்ட ஆண்டு

மேலே வந்த 7.37 லட்சம் சராசரி. சராசரியில் எவரும் பள்ளிக் கட்டணம் கட்டுவதில்லை.

நல்லது, நடுத்தரம், கெட்டது என மூன்று விதமான ஆண்டுகள் சம வாய்ப்போடு வரும் என்று வைப்போம். தேயிலையின் மிச்சம் 5.5, 4.5, 3.5 லட்சம். அதன் ஏற்ற இறக்கம் குறைவுதான்; கொழுந்தின் விலையை இலங்கைத் தேயிலைச் சபை மாதந்தோறும் ஏல விலையை வைத்து, விவசாயிக்கு 68, தொழிற்சாலைக்கு 32 என்ற பங்கு வாய்பாட்டின்படி நிர்ணயிக்கிறது. லீக்ஸும் கோவாவும் 12, 7, 2. உருளைக்கிழங்கோ 30, 12, கெட்ட ஆண்டில் 6 லட்சம் நட்டம். கருகல் நோய் ஒரு மழை வாரத்தில் வயலை முடித்துவிடும். நுவரெலியாவில் தை மாதத்து உறைபனி இலைகளைக் கருக்கும். மண்ணில் பாக்டீரியா வாடல் இருந்தால் பல போகங்களுக்கு அங்கே கிழங்கையே மறக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும் இறக்குமதி வரி இருக்கிறது. வெளிநாட்டுக் கிழங்குக்கான வரியை அரசு ஒரு வர்த்தமானியில் ஏற்றும், இன்னொன்றில் இறக்கும். அறுவடை நேரத்தில் இறக்கினால் மரக்கறி மொத்தச் சந்தையான கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் அதன் விளைவு உடனே தெரியும்.

மேலே சொன்ன வட்டியில் கடன் கிடைத்தால் நேரியல் மாதிரி என்ன சொல்கிறது என்று இப்போது பாருங்கள். 1.43 லட்சம் கடன் வாங்கச் சொல்கிறது. லீக்ஸை அடியோடு கைவிட்டு, 84 பேர்ச்சில் கிழங்கும் 76 பேர்ச்சில் தேயிலையும் வைக்கச் சொல்கிறது. வட்டி போகச் சராசரி மிச்சம் 8.14 லட்சம். காகிதத்தில் அழகு. மூன்றும் சேர்ந்து மோசமாகும் ஆண்டில் அதே திட்டம் வட்டியோடு 1.76 லட்சம் நட்டம். ஒன்றரை லட்சத்துக்கும் குறைந்த கடன், பாதுகாப்பான பண்ணையைச் சூதாட்ட மேசைக்குக் கொண்டுபோய்விட்டது. நகை அடகு போவது இந்தக் கட்டத்தில்தான். மாதிரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சராசரியை உயர்த்து என்றுதான் அதனிடம் கேட்டிருக்கிறோம்.

ஆபத்தை நேரியல் முறைக்குள்ளேயே அடக்கும் வழியைப் பீட்டர் ஹேசல் 1971இல் காட்டினார். சராசரியிலிருந்து விலகும் தொகைகளைக் கூட்டிக் கட்டுப்படுத்துவது அவர் முறை. பின்னர் 1983இல் டவர் வேறு விதமாகக் கேட்டார்: ஒரு இலக்கு வருமானத்துக்குக் கீழே எவ்வளவு விழலாம்? எங்கள் நிலைமைக்கு இரண்டாவது கேள்வியே பொருந்துகிறது. வருமானம் ஏறியும் இறங்கியும் ஆடுவது குடும்பத்துக்குக் கவலை இல்லை. ஏறும்போது யார் கவலைப்படுவார்? ஓர் அளவுக்குக் கீழே இறங்குவதுதான் கவலை.

அதை இன்னும் எளிமையாக்கி ஒரே வரியாகச் சேர்ப்போம்: கெட்ட ஆண்டிலும் 2.4 லட்சம் மிஞ்ச வேண்டும். அரிசி, மா, மின்கட்டணம், பிள்ளைகளின் செலவு இவற்றுக்கு அடிப்படைத் தேவை அது என்று கொள்வோம். விடை உடனே மாறுகிறது. உருளைக்கிழங்கு பூச்சியம். தேயிலை 43 பேர்ச், லீக்ஸும் கோவாவும் 117 பேர்ச். கடன் தேவையே இல்லை. மூலதனத்தில்கூட மீதி இருக்கிறது. சராசரி மிச்சம் 6.33 லட்சம்.

கடன் இல்லாத முந்தைய திட்டத்தோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் குறைவு. அதுதான் நிம்மதியின் விலை. அந்த விலை கூடுதலா குறைவா என்பதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். சவூதியிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகள் இருக்கும் வீடும் இல்லாத வீடும் ஒரே விடையைச் சொல்லப்போவதில்லை. கெட்ட ஆண்டின் தேவையை 2.4 லட்சத்திலிருந்து மெல்ல மெல்ல இறக்கிப் பாருங்கள். கிழங்கு எந்தப் புள்ளியில் திரும்பி வருகிறது என்று தெரியும். சங்கக் கூட்டத்தில் அந்த அட்டவணையை வைத்துப் பேசுவது, 'கிழங்கு நல்லதா கெட்டதா' என்று கத்துவதைவிட ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

2021ஐ இதே மாதிரியில் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோ, 2022இல் 25.1 கோடிக்கு இறங்கியது. தேயிலையைப் பாதுகாப்பான பயிர் என்று எழுதி வைத்த என் 5.5, 4.5, 3.5 என்ற வரிசை அந்த இரண்டு ஆண்டுகளைக் கண்டுகொள்வதே இல்லை. கெட்ட ஆண்டை வானிலையிலும் சந்தையிலும் மட்டும் தேடினால் போதாது. வர்த்தமானியிலும் தேட வேண்டும்.

உறுதிப்பத்திரம் இல்லாத நிலம்

ஒரே ஆண்டைப் பார்க்கும் மாதிரி தேயிலை மீள்நடுகைக்கு உதவாது. பழைய தேயிலையைப் பிடுங்கி, குவாத்தமாலா புல்லோ மானாப்புல்லோ போட்டு மண்ணை ஆற்றி, புதிய கன்று நட்டு, கொழுந்து எடுக்கும்வரை ஆண்டுகள் போகும். இன்று 8 லட்சம் செலவு, மூன்று ஆண்டு வரவில்லை, நான்காம் ஆண்டிலிருந்து 25ஆம் ஆண்டுவரை ஆண்டுக்குக் கூடுதலாக 3 லட்சம் என்று வைத்தால், 10 வீதக் கழிவில் (பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 10 வீதம் குறைத்து மதித்தால்) இன்றைய மதிப்பு 11.8 லட்சம் இலாபம். 40 வீதக் கழிவில் 5 லட்சத்துக்கு மேல் நட்டம்.

கழிவு வீதம் ஏன் 40 ஆகிறது? நாளை நிலம் நம்மிடம் இருக்குமா என்று தெரியாதபோது. தோட்டத்தின் ஓரத்தில் வாய்மொழி அனுமதியோடு மரக்கறி போடும் தொழிலாளி கல் வரம்பு கட்டாததும், சரிவுக்குக் குறுக்கே கிளிரிசிடியா வேலி நடாததும் மண்ணரிப்பைப் பற்றிய அறியாமையால் அல்ல. கல் வரம்பின் பலன் ஐந்தாம் ஆண்டில் வரும். அனுமதி அடுத்த போகத்திலேயே போகலாம். தோட்டத் தொழிலாளரின் ஏழு பேர்ச் வீட்டுக் காணிக்கு உறுதி கேட்கும் குரலோடு பயிர்க் காணிக்கும் உறுதி கேட்கும் குரல் ஏன் சேர வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியாது. பயிற்சிப் பட்டறைக்குச் செலவிடும் பணம் உறுதிப்பத்திரம் செய்யும் வேலையைச் செய்யாது.

கம்பனிகள் தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை வாங்கிக்கொள்ளும் முறையும் வந்திருக்கிறது. அங்கே நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற தெரிவே குடும்பத்திடம் இல்லை. தேயிலை என்பது முடிந்த முடிவு. பசளையும் உழைப்பும் மட்டுமே மாறிகள். அந்தக் குடும்பத்துக்கு மேலே சொன்ன பயிர்த் திட்டத்தை ஓட்டிக் காட்டுவது கேலியாகவே முடியும்.

குடும்பமும் ஊரும்

மூன்றாவது தெரிவு குடும்பப் பண்ணை மாதிரி. இரஷ்யரான சயானோவ் 1920களிலேயே சொன்ன கருத்து: சிறு விவசாயக் குடும்பம் ஒரே நேரத்தில் உற்பத்தி நிறுவனமாகவும் நுகர்வோராகவும் உழைப்பாளியாகவும் இருக்கிறது, மூன்றையும் பிரித்துக் கணக்கிட முடியாது. 1986இல் சிங், ஸ்குவயர், ஸ்ட்ராஸ் ஆகியோர் இதற்குச் செம்மையான வடிவம் கொடுத்தார்கள். மலையகத்துக்கு இது மிகவும் பொருந்தும். அம்மா தோட்டத்தில் பேர் போடுகிறார், அதாவது நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறார். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். தாத்தா மரக்கறித் தோட்டத்தைப் பார்க்கிறார். தோட்டச் சம்பளம் கூடினால் லீக்ஸ் பாத்தி சுருங்குமா, அல்லது அந்தக் காசில் கூலி ஆள் பிடித்துப் பாத்தி விரியுமா? இதற்கு விடை சொல்ல இந்த மாதிரியால்தான் முடியும். ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகளின் செலவு, நேரம், நுகர்வு விவரங்களைச் சேர்த்தால்தான் மதிப்பீடு நிற்கும். சம்பளக் கொள்கையையும் பசளை மானியத்தையும் ஆராய்பவர்கள் இதை எடுக்கட்டும். ஒரு குடும்பத்துக்கு அடுத்த போகத்துக்கு என்ன நடுவது என்று இது சொல்லாது.

நான்காவது, முகவர்சார் மாதிரி. கணினிக்குள் ஆயிரம் விவசாயிகளை உருவாக்கி, ஒருவரை ஒருவர் பார்த்து நடக்க விடுவது. ஒருவர் கரட் போட்டால் விலை மாறாது. பள்ளத்தாக்கே கரட் போட்டால் தம்புள்ளை மொத்தச் சந்தையில் விலை விழும். மேலே உள்ளவர் வடிகாலைத் திருப்பிவிட்டால் கீழே உள்ளவரின் வரம்பு சரியும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகு, ஒரு சரிவைத் தனித்தனி வேலிகளாகப் பிரித்து எண்ணுவது எவ்வளவு குறைபாடானது என்று சொல்லத் தேவையில்லை. இத்தகைய கேள்விகளுக்கு இந்த மாதிரியே வேண்டும். ஆனால் ஒவ்வொரு முகவரின் நடத்தை விதியையும் யாரோ ஊகித்துத்தான் எழுத வேண்டும். ஊகம் பிழைத்தால் வண்ண வண்ண வரைபடமாகப் பிழை வரும். மாகாண மட்டத்தில் நிரந்தரக் குழுவும் தரவும் இருந்தால் முயலலாம். ஆறு மாத ஆய்வேட்டுக்கு இதைத் தெரிவு செய்யும் மாணவரைத் தடுப்பதே நல்ல மேற்பார்வையாளரின் கடமை என்பேன்.

சங்கங்கள் என்ன செய்யலாம்? அடிப்படைத் தேவை வரியோடு கூடிய நேரியல் மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்பை ஆண்டு மொத்தமாக எழுதாமல் மாதவாரியாகப் பன்னிரண்டு வரிகளாகப் பிரியுங்கள். வருடக் கூட்டலில் உச்ச மாதம் மறைந்துவிடும். மூலதனத்தையும் அப்படியே, எந்த மாதம் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். காணிக்கு உறுதி இருக்கிறதா என்பதைப் பொறுத்து 10 வீதம், 40 வீதம் என இரண்டு கழிவு வீதங்களில் ஓட்டுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கொழுந்து எடுத்துவிட்டு மாலையில் பாத்தியில் குனிபவரின் ஆள்நாளை, குடும்பத் தலைவர் என்று பதிவில் இருப்பவர் எப்போதும் குறைத்தே சொல்வார்.

முகவர்சார் மாதிரியின் ஒரே ஒரு பாடத்தை மட்டும் மலிவாக உள்ளே கொண்டுவரலாம். சங்க உறுப்பினர் அனைவரின் திட்டத்தையும் கூட்டிப் பாருங்கள். எந்த மரக்கறியின் பரப்பு கடந்த போகத்தைவிடப் பெரிதாக ஏறுகிறதோ, அதன் எதிர்பார்க்கும் விலையைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் ஓட்டத்திலும் நிற்கும் பயிருக்கு மட்டும் விதை முன்பதிவு செய்யுங்கள்.